டிவி யூனிட்டுக்குள் ஸ்பீக்கர்: எது உள்ளே போகலாம், எது வெளியே நிற்கட்டும்

டிவி யூனிட்டுக்குள் ஸ்பீக்கர் வைக்கலாமா என்று கேட்டால், வைக்கலாம் என்பதுதான் பதில். பேஸ் எனும் கனத்த அடிச்சத்தத்துக்கென்றே இருக்கும் சப்வூஃபரையும் வைக்கலாமா என்றால் பதில் கொஞ்சம் இழுக்கும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஸ்பீக்கர் என்பதே ஒரு பெட்டி. அதற்குள் எத்தனை லிட்டர் காற்று இருக்க வேண்டும், துளை வைப்பதா மூடிவிடுவதா, பலகை எவ்வளவு கனம் என்றெல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். அதைக் கொண்டுபோய் ஒரு தட்டுக்குள் செருகும்போது, யாரும் கணக்குப் போடாத இரண்டாவது பெட்டி ஒன்று அதைச் சுற்றி வந்துவிடுகிறது. அந்த இரண்டாவது பெட்டி என்ன செய்கிறது, அதன் வாயை எப்படி அடைப்பது என்று பார்ப்போம்.

மரச்சாமானுக்குள் ஸ்பீக்கர் இருப்பது நமக்குப் புதிது இல்லை. ஒரு காலத்தில் வசதியான வீட்டுக் கூடங்களில் நின்ற ரேடியோகிராம் முழுக்க ஒரு மரச்சாமான்தான். 80-களில் ஷட்டர் போட்ட மரப்பெட்டி டிவிக்கள் வந்தன; சென்னையில் தயாரான சாலிடேர், டயனோரா பெயர்கள் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் அவற்றில் மரப்பெட்டியும் ஸ்பீக்கரும் ஒரே இடத்தில், ஒன்றுக்கு ஒன்று என்று செய்யப்பட்டவை. இன்று நாம் செய்வது வேறு. ஸ்பீக்கர் ஒரு கம்பெனியில், யூனிட் நம்ம ஆசாரியிடம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

அலைக்கும் பலகைக்கும் உள்ள உறவு

ஒரே ஒரு கணக்கு தெரிந்தால் போதும். சத்தம் காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அந்த எண்ணை ஹெர்ட்ஸால், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதால், வகுத்தால் அலையின் நீளம் கிடைக்கும். 40 ஹெர்ட்ஸ் பேஸ் அலை ஒன்று ஏறக்குறைய எட்டரை மீட்டர் நீளம். 80 ஹெர்ட்ஸ் 4.3 மீட்டர். 1,000 ஹெர்ட்ஸுக்கு வந்தால் 34 செ.மீ. மேல் ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரிலிருந்து வரும் 10,000 ஹெர்ட்ஸ் வெறும் 3.4 செ.மீ.

இப்போது யூனிட்டைப் பாருங்கள். ஆழம் ஒன்றரை அடி, ஒரு தட்டின் அகலம் இரண்டு அடி. எட்டரை மீட்டர் அலைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடும். 3.4 செ.மீ. அலைக்கோ 18 மி.மீ. ப்ளைவுட்டின் விளிம்புகூட ஒரு தடை, மோதித் திரும்பும். ஆகவே மேல் ஸ்தாயியில் நமக்குத் தொந்தரவு பலகையின் முகமும் விளிம்பும். கீழ் ஸ்தாயியில் தொந்தரவு பலகைகள் சூழ்ந்த காற்றும், பலகையின் அதிர்வும். பேச்சுக் குரல் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

முதலில் மேல் ஸ்தாயி. ஸ்பீக்கரைத் தட்டின் உள்ளே ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்வீட்டரிலிருந்து நேராக ஒரு சத்தம் காதுக்கு வருகிறது. பக்கப் பலகையிலும் கீழ்ப் பலகையிலும் பட்டுத் திரும்பிய அதே சத்தம் கொஞ்சம் சுற்றுவழியில் வருகிறது. அந்தச் சுற்றுவழி 8.5 செ.மீ. கூடுதலாக இருந்தால், 2,000 ஹெர்ட்ஸில் இரண்டும் எதிரும் புதிருமாகச் சந்தித்து ஒன்றை ஒன்று அமுக்கிவிடும். அப்புறம் 6,000 ஹெர்ட்ஸில் மறுபடியும், 10,000 ஹெர்ட்ஸில் மறுபடியும். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. "டயலாக் புரியலையே, சத்தம் வை" என்று வீட்டில் எழும் குரலுக்குப் பல நேரங்களில் காரணம் ஸ்பீக்கர் இல்லை, அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு சாண் பலகை.

அடுத்தது காற்று. குழாயடியில் குடம் நிரம்பும்போது பார்க்காமலே எவ்வளவு நிரம்பியது என்று சொல்லிவிடலாம். உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறைய சத்தத்தின் சுருதி ஏறும். எந்தக் குழிக்கும் அப்படி அதற்கென்று ஒரு சுருதி உண்டு, யூனிட்டின் தட்டுக்கும் சேர்த்து. பின்னால் மூடி, முன்னால் திறந்த, 45 செ.மீ. ஆழமுள்ள தட்டு எளிய கணக்கில் 190 ஹெர்ட்ஸில் ரீங்காரம் போடும். வாய் அகலமாக இருப்பதால் நடைமுறையில் அது இன்னும் இறங்கி 120 ஹெர்ட்ஸ் பக்கம்கூடப் போகலாம். ஆண் குரலின் அடிச்சுருதி சுமார் 85-லிருந்து 155 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 165-லிருந்து 255. செய்தி வாசிப்பவர் டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்பது இதனால்தான். 60 செ.மீ. அகலமான தட்டில் இரண்டு பக்கப் பலகைகளுக்கும் நடுவே 285 ஹெர்ட்ஸ் வாக்கில் இன்னொரு ரீங்காரம் வேறு.

பாதி உள்ளே என்பதுதான் கெடுதல்

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஸ்பீக்கரை யூனிட்டுக்குள் வைக்கவே கூடாது என்று நினைத்துவிட வேண்டாம். ஒலிப்பதிவுக் கூடங்களில் பெரிய மானிட்டர் ஸ்பீக்கர்களைச் சுவருக்குள்ளேயே பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக அல்ல. சுவரிலிருந்து 50 செ.மீ. முன்னால் நிற்கும் ஸ்பீக்கரின் கீழ் ஸ்தாயி அலை பின்பக்கமும் சுற்றிப் போய், சுவரில் பட்டுத் திரும்பி, 170 ஹெர்ட்ஸ் வாக்கில் தன்னையே அமுக்கிக்கொள்ளும். ஸ்பீக்கரின் முகம் சுவரோடு சமமாக இருந்தால் பின்னால் போக வழியே இல்லை, அந்த அமுக்கலும் நடக்காது.

யூனிட்டிலும் அதையே செய்யலாம். ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்போடு சமமாக, அல்லது ஒரு செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டு இருக்கட்டும். சுற்றியுள்ள இடைவெளியில் சாதாரண மெத்தை ஃபோமை அளவாக வெட்டிச் செருகுங்கள். பின்னால் மிச்சமிருக்கும் இடத்தில் ராக்வூல் (பஞ்சு மாதிரியான கனிம இழை) துணிப்பையில் போட்டு வைக்கலாம், பழைய போர்வையை மடித்து வைத்தாலும் சரி. இப்போது குழியே இல்லை, முன்னால் பலகையும் இல்லை. மேலே சொன்ன இரண்டு தொந்தரவும் ஒரே வேலையில் பெருமளவு போய்விடும். ஆக, ஸ்பீக்கர் ஒன்று நன்றாக வெளியே தனியாக நிற்க வேண்டும், அல்லது ஒழுங்காகப் பதிந்திருக்க வேண்டும். நடுவில், தட்டுக்குள் தள்ளி, சுற்றிலும் காலியாக விட்டு வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. நம் வீடுகளில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது.

பதித்தால் ஒரு விளைவு உண்டு: பேஸ் கூடும். எந்தப் பெரிய பரப்பை ஒட்டி வைத்தாலும் கீழ் ஸ்தாயி அதிகபட்சம் 6 டெசிபல் வரை ஏறலாம். அமெரிக்காவில் ராய் ஆலிசன் என்பவர் 1974-ல் இதை அளந்து எழுதினார். பிறகு சுவரை ஒட்டி வைப்பதற்கென்றே ஸ்பீக்கர்களும் செய்து விற்றார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆம்ப்ளிஃபையரில், அதாவது ஆம்ப்பில், பேஸைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும். சில ஸ்பீக்கர்களிலேயே அதற்கு வழி இருக்கிறது: ஸ்டுடியோ மானிட்டர்களின் முதுகில் சின்ன சுவிட்சுகள், கே.இ.எஃப். எல்எஸ்50 வயர்லெஸ் போன்றவற்றின் மொபைல் ஆப்பில் சுவரோரம் வைத்திருக்கிறோம் என்று சொல்லும் அமைப்பு. ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவரில், மைக் வைத்து அளந்து சத்தத்தைத் தானே சரிசெய்யும் ஆடிஸ்ஸி, ஒய்.பி.ஏ.ஓ. மாதிரி வசதி இருந்தால் அதுவே ஓரளவு பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒன்று: எல்லாவற்றையும் வைத்து முடித்த பிறகே அளவெடுக்க வேண்டும். ஸ்பீக்கரைத் தரையில் வைத்து அளந்துவிட்டு அப்புறம் யூனிட்டுக்குள் ஏற்றினால் அந்த அளவுக்கு அர்த்தம் இல்லை.

இங்கே துளை விஷயத்துக்கு வர வேண்டும். 1954-ல் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற அமெரிக்க நிறுவனம் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தது. எட்கர் வில்ச்சர் வடிவமைத்தது. காற்று போக வழியில்லாமல் மூடிய சிறிய பெட்டியிலிருந்தே ஆழமான பேஸ் வரும் என்று அது காட்டியது. அலமாரியில் வைக்கிற அளவுக்கு ஸ்பீக்கர்கள் சிறுத்ததற்கு அந்த மூடிய பெட்டி ஒரு பெரிய காரணம். இப்போது கடையில் கிடைக்கும் சிறிய ஸ்பீக்கர்களில் பலவற்றின் முதுகில் ஒரு துளை இருக்கிறது. பேஸில் ஒரு பங்கு அந்தத் துளை வழியாகத்தான் வருகிறது. அதைச் சுற்றி ஃபோமை அடைத்தால் துளை மூச்சு முட்டும், அடைக்காமல் விட்டால் பின்னால் உள்ள குழி முழங்கும்.

ஆகவே யூனிட்டுக்கென்று புதிதாக வாங்குகிறவர்கள் துளை முன்பக்கம் இருப்பதையோ, துளையே இல்லாததையோ பாருங்கள். ஏற்கெனவே பின்துளை ஸ்பீக்கர்தான் இருக்கிறது என்றால் அந்தத் துளையையே ஃபோம் அடைப்பானால் மூடிவிடலாம். சில கம்பெனிகள் ஸ்பீக்கரோடு அதைத் தருகின்றன. தராவிட்டால் ஃபோமை உருட்டிச் செருகினாலும் போதும். ஆழமான பேஸ் கொஞ்சம் குறையும். சப்வூஃபர் இருக்கிற வீட்டில் அது ஒரு இழப்பே அல்ல, அந்த வேலைக்குத்தானே அதை வாங்கினோம். துளையை மூடினால் இன்னொரு லாபமும் உண்டு: பல்லியும் கரப்பானும் உள்ளே குடியேறாது.

இடது வலது ஸ்பீக்கர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். ஒன்று இடைவெளி. சோபா ஒன்பதடி தள்ளி இருந்தால் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஏழடிக்குக் குறையாமல் வேண்டும். ஐந்தடி யூனிட்டுக்குள் இரண்டையும் அடக்கினால் ஸ்டீரியோ என்பது பெயரளவுக்குத்தான். அப்படிப்பட்ட யூனிட் என்றால் அவற்றை வெளியே, பக்கத்தில் ஸ்டாண்டில் வைப்பதே நல்லது. இரண்டாவது உயரம். சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து மூன்றடி, மூன்றேகால் அடியில் இருக்கும். டிவி யூனிட்டின் உயரமே ஒன்றரை அடி. உள்ளே வைக்கும் ஸ்பீக்கரின் ட்வீட்டர் முழங்காலைப் பார்த்துத்தான் பேசும், அதனால் முன்பக்கம் சற்றுத் தூக்கி, முகம் காதைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள்.

சென்டர் ஸ்பீக்கருக்கு இந்தச் சாய்வு மிக அவசியம். படத்தின் வசனத்தில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது; அதுவோ எப்போதும் டிவிக்குக் கீழே, யூனிட்டின் நடுத்தட்டில், செட்டாப் பாக்ஸுக்குப் பக்கத்தில் தள்ளப்பட்டிருக்கும். அதை விளிம்புக்கு இழுத்து, அடியில் முன்பக்கம் ரப்பர் ஆப்பு ஒன்று வைத்து நிமிர்த்திப் பாருங்கள். செலவே இல்லாமல் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் இதுதான் என்பேன்.

சவுண்ட்பார் வைத்திருப்பவர்களுக்கும் இதே விதி: விளிம்புக்கு இழுக்க வேண்டும். ஆனால் மேல்நோக்கிப் பேசும் ஸ்பீக்கர் வைத்த டால்பி அட்மாஸ் பார் என்றால் தட்டுக்குள் வைக்கவே வேண்டாம். அது கூரையில் பட்டுத் திரும்பும் சத்தத்தை நம்பியிருக்கிறது. தலைக்கு மேல் நாலு அங்குலத்தில் ஒரு பலகை இருந்தால் ஹெலிகாப்டர் மேலே பறக்காது, அலமாரிக்குள்ளேயே சுற்றும்.

சப்வூஃபர்

இங்கேதான் நிறைய பேர் ஒரு பாதி உண்மையை நம்பி இறங்குகிறார்கள். 'பேஸ் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது, ஆகவே சப்பை எங்கே ஒளித்தாலும் ஒன்றுதான்.' முதல் பாதி சரி. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே திசை பிடிபடுவது கடினம். லூகாஸ்ஃபிலிமில் 1983-ல் பிறந்த டி.எச்.எக்ஸ். என்ற சினிமா ஒலித் தரமும் வீட்டுக்கு 80 ஹெர்ட்ஸைத்தான் எல்லையாக வைத்தது. இரண்டாம் பாதிதான் தவறு. சப் எங்கே இருக்கிறது என்பதைச் சப் காட்டிக்கொடுக்காது. அதைச் சுற்றியுள்ள கதவும் கீலும் கண்ணாடியும் காட்டிக்கொடுக்கும். கதவு நடுங்கி எழுப்பும் கடகடப்பு நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸில் இருக்கும்; அதன் திசை காதுக்கு நன்றாகவே தெரியும்.

இன்னொன்று: விரல் நீளச் சின்ன ஸ்பீக்கர்களோடு செட்டாக வரும் சப்வூஃபர்களுக்கு அந்த 80 பொருந்தாது. அந்தக் குட்டி ஸ்பீக்கர்களால் கீழே இறங்க முடியாததால் சப் 150, 200 ஹெர்ட்ஸ் வரை ஏறி வந்து வேலை பார்க்கும். அதில் ஆண் குரலின் அடிப்பகுதி முழுவதும் அடங்கிவிடும். அதை அலமாரியின் மூலையில் வைத்தால் வசனம் பாதி மூலையிலிருந்து வரும்.

யூனிட்டில் கதவு போட்ட அறைக்குள் சப் வைத்தால் என்ன ஆகும்? சப்பின் பெட்டியைச் சுற்றி மூடிய காற்று, வெளியே போக ஒரு சின்ன இடைவெளி. ஸ்பீக்கர் செய்கிறவர்கள் வேண்டுமென்றே இப்படி ஒரு அமைப்பைச் செய்வதுண்டு, காருக்கான சில பெட்டிகளில் பார்க்கலாம். குறிப்பிட்ட ஒரு சின்னப் பகுதி பேஸை மட்டும் ஊதிப் பெருக்கி, மேலேயும் கீழேயும் வெட்டிவிடும். அவர்கள் அந்தப் பகுதி எங்கே விழ வேண்டும் என்று கணக்கிட்டுச் செய்கிறார்கள். நம் யூனிட்டில் அது தானாக எங்கோ விழும். சப் அடைத்தது போக 60 லிட்டர் காற்று, கதவுக்குக் கீழே இரண்டு செ.மீ. சந்து, அரை மீட்டர் அகலம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் தோராயமாக 80 ஹெர்ட்ஸ் வருகிறது. சப்பும் மற்ற ஸ்பீக்கர்களும் கை மாற்றிக்கொள்ளும் அதே இடம். எந்தப் படம் போட்டாலும், எந்தப் பாட்டு போட்டாலும், ஒரே ஒரு பேஸ் ஸ்வரம் மட்டும் 'பும் பும்' என்று அடித்துக்கொண்டிருக்கும். மிருதங்கத்தின் தொப்பியும் தவிலும் கிக் டிரம்மும் ஒரே மாதிரி கேட்கும். நல்ல சப் வாங்கியும் பேஸ் 'லூசாக' இருக்கிறது என்று சொல்பவர்கள் கதவைத் திறந்து வைத்து ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

என் கருத்து: இடம் இருந்தால் சப் வெளியே நிற்கட்டும். யூனிட்டுக்கும் சுவர் மூலைக்கும் நடுவே ஒன்றரை அடி விட்டுவிட்டால் போதும். அங்கே அது யார் கண்ணையும் உறுத்தாது. உள்ளேதான் வைத்தாக வேண்டும் என்றால், அந்த அறை பெயருக்கு மட்டும் அறையாக இருக்கட்டும். அடிப்பலகை வேண்டாம். சப் நேராகத் தரையில் நிற்க வேண்டும், யூனிட் அதன்மேல் ஒரு பாலம் மாதிரி தாண்டிப் போகட்டும், இரண்டும் எங்கேயும் தொடக் கூடாது. பின்பலகையும் வேண்டாம், அல்லது அதில் பெரிதாக வெட்டிவிட வேண்டும். முன்னால் கதவு இல்லாமல் விடலாம். கதவு வேண்டுமென்றால் துணிக்கதவு அல்லது பிரம்புப் பின்னல் கதவு. சப்பின் முகம் முன் விளிம்புக்கு வர வேண்டும். பக்கங்களிலும் மேலேயும் நாலைந்து அங்குலம் காலியாக இருக்கட்டும். பின்பக்கம் ஆம்ப் இருக்கும், அதற்கும் காற்று வேண்டும். இதிலும் துளையில்லாத மூடிய சப் நல்லது. துளை இருந்தால் அது முன்பக்கமாவது இருக்கட்டும். தரையைப் பார்த்துப் பேசும் சப்பைப் பலகைமேல் வைப்பது அந்தப் பலகையையே ஸ்பீக்கராக்குவதற்குச் சமம், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

யூனிட்டுக்குள் வைத்தால் இழக்கும் இன்னொன்று, சப்பை நகர்த்தும் சுதந்திரம். நாம் உட்காரும் கூடத்துக்கும் அதற்கென்று சுருதிகள் உண்டு. 12 அடிக்கு 15 அடி கூடம் என்றால் அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸ், நீளத்துக்கு 37 ஹெர்ட்ஸ் வாக்கில். சப் நிற்கும் இடத்தையும் நாம் உட்காரும் இடத்தையும் பொறுத்து இவை உப்பும், அல்லது காணாமலே போகும். 15 அடி நீளத்தின் நட்டநடுவில் சோபா போட்டிருந்தால் அந்த 37 ஹெர்ட்ஸ் அங்கே கேட்கவே கேட்காது, எவ்வளவு விலையுள்ள சப்பானாலும். அதனால் யூனிட் செய்யக் கொடுக்கும் முன்பே ஒரு சோதனை செய்யுங்கள். சப்பைச் சோபாமேல், நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பேஸ் அதிகமுள்ள ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட விட்டு, யூனிட் வரப்போகும் சுவரோரம் மண்டியிட்டு நகர்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் பேஸ் சீராக, எல்லா ஸ்வரமும் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே சப் போக வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். யூனிட்டின் எந்த முனையில் சப்பின் அறை வர வேண்டும் என்று இப்படித்தான் தெரியும்.

எல்லாம் பொருத்திய பிறகு சப்பின் பின்னால் இருக்கும் ஃபேஸ் (அலை ஏறி இறங்கும் நேரத்தை மாற்றும்) சுவிட்சை 0, 180 என்று மாற்றிப் பாருங்கள். உட்காரும் இடத்தில் எதில் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரி.

கடகடப்பு வேட்டை

ஃபோனில் 20-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சோதனை ஒலி ஒன்றை எடுத்துச் சப் வழியாகப் போட்டு, யூனிட்டைச் சுற்றிக் கையால் தடவிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு சுருதியிலும் ஒவ்வொரு பொருள் பேச ஆரம்பிக்கும். 6 மி.மீ. பின்பலகை முதல் குற்றவாளி. குறுக்கே ஒரு சட்டம் அடித்தால் அடங்கும். கதவுகளுக்கு ஃபெல்ட் பொட்டு, கண்ணாடித் தட்டுகளுக்கு ரப்பர் பொட்டு. ட்ராயருக்குள் கிடக்கும் பழைய ரிமோட், சாவிக்கொத்து எல்லாம் வெளியே. ஷோகேஸில் கொலு பொம்மை, பிள்ளைகள் வாங்கிய கோப்பைகள், மேலே சட்டம் போட்ட சாமி படம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஃபெல்ட் ஒட்ட வேண்டும். சில நேரம் கடைசியில் பார்த்தால் டிவியின் பின்மூடியே நடுங்கிக்கொண்டிருக்கும். சப்புக்கு அடியில் வாஷிங் மெஷினுக்குப் போடும் கனமான ரப்பர் பாதங்களை வைத்தால் பலகைத் தரையிலும் மாடி வீடுகளிலும் கொஞ்சம் பலன் இருக்கும். கிரானைட் தரைமேல் பெரிய வித்தியாசம் தெரியாது.

இசைத்தட்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் அதைச் சப் உள்ள யூனிட்மேல் வைக்கவே கூடாது. சப்பின் அதிர்வு ஊசிக்குப் போய், ஊசியிலிருந்து ஆம்ப்புக்குப் போய், மறுபடி சப்புக்கே வந்து ஊளையிடும்.

துணி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கதவில் போடும் துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள், காற்று தாராளமாகப் போக வேண்டும். திரைச்சீலைத் துணி, ரெக்ஸின், கனமான சணல் இவை ட்வீட்டரை அமுக்கிவிடும். ஸ்பீக்கர் துணி என்றே கடைகளில் கிடைக்கிறது. பிரம்புப் பின்னல் பார்க்கவும் நன்றாக இருக்கும், கண்கள் பெரிதாக இருப்பதால் சத்தமும் தடையில்லாமல் வரும். ஆனால் சட்டத்தில் இறுக்கமாக இழுத்து அடிக்காவிட்டால் அதுவே பேஸுக்குப் படபடக்கும். ரிசீவருக்கு மேலே குறைந்தது நாலு அங்குலம் காலியாக விட்டு, பின்பக்கத்தையும் திறந்து வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கூடமே 35 டிகிரியில் இருக்கும்போது மூடிய அலமாரிக்குள் அது தானாக அணைந்துகொள்வதில் ஆச்சரியம் இல்லை. ஸ்பீக்கரைச் சுற்றி அடைக்கும் ஃபோம் ரிசீவரின் அறைக்குள் வரக் கூடாது. ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர் என்றால் அதன் முதுகையும் மூடாதீர்கள்.

ஆசாரியிடம் என்ன சொல்ல வேண்டும்

ஸ்பீக்கரை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டுதான் அளவு கொடுக்க வேண்டும். படத்தில் பார்த்து, கடைக்காரர் சொன்ன அளவை நம்பிக் கொடுத்தால், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒயர் முனைக்கு இடம் இருக்காது. ஸ்பீக்கர் இரண்டு அங்குலம் வெளியே தொங்கும். பக்கங்களில் ஒவ்வொரு அங்குலம், பின்னால் மூன்று அங்குலம் கூட்டிக் கொடுங்கள். பார்ட்டிகிள் போர்டு வேண்டாம், 18 மி.மீ. ப்ளைவுட் போடச் சொல்லுங்கள்; ஸ்பீக்கர் நிற்கும் தட்டு நீளமாக இருந்தால் நடுவில் ஒரு தாங்கலும் சேர்க்கட்டும். மைக்கா ஒட்டும்போது பலகைக்கும் அதற்கும் நடுவே காற்றுக்குமிழ் இருக்கக் கூடாது, பேஸ் வரும்போது அதுவும் பேசும். பின்பலகை ஆணியடித்ததாக இல்லாமல் ஸ்க்ரூ போட்டதாக இருந்தால் பிற்பாடு கழற்றி ஃபோம் வைக்கலாம், ஒயர் மாற்றலாம். சப் அறைக்குப் பின்னால் மூன்று பின் பாயிண்ட் ஒன்றும், ரிசீவர் அறையிலிருந்து சப் ஒயர் வர ஒரு வழியும் முன்கூட்டியே வேண்டும். அந்த வழிக்கு இரண்டு அங்குல ஓட்டையாவது போடச் சொல்லுங்கள். ஒயர் மட்டும் போகிற அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் பிளக்கை வெட்டித்தான் நுழைக்க வேண்டியிருக்கும்.